பைக் நிற்கும் இடம் ஒருவருடைய தனிக் கவலை அல்ல

2025 மார்ச் மாதம் ஒரு மாலை. எங்கள் தோட்டக் கமிட்டிக் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. கொழுந்து நிறுக்கும்போது கழிவு என்று வெட்டும் கிலோவைப் பற்றியும், கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவதைப் பற்றியும் பேச்சு சூடாக இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று இளைஞர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருதடவை எழுந்து வெளியே போவதும் வருவதுமாக இருந்தார்கள். தலைவர் என்ற முறையில் எனக்குக் கோபம் வந்தது. "ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேச முடியாதவங்க எதுக்குப்பா கூட்டத்துக்கு வாறீங்க?" என்று எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டேன்.

ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "தலைவரே, பைக் கீழ ரோட்டுல நிக்குது. இருட்டிருச்சு."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பளத்தை விட, பேரை விட, இவர்களுக்குப் பைக் பெரிதாகப் போய்விட்டதே என்று அன்றிரவு வீட்டிலும் சொல்லிச் சிரித்தேன். மூன்று மாதம் கழித்து அதற்கான பதில் என் வீட்டு வாசலுக்கே வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பைக்கை வெளியில் நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற பெரியவர்கள் இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பைக் ஏன் வந்தது?

எங்கள் காலத்தில் லயத்தில் யாருக்காவது இரவில் வருத்தம் என்றால் கொழுந்து லொறியைக் கேட்டு ஆப்பீசுக்கு ஓட வேண்டும். டிரைவர் இருக்க வேண்டும், துரை சம்மதிக்க வேண்டும், டீசல் இருக்க வேண்டும். லொறி வராவிட்டால் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையால் இறங்குவோம். அப்படித் தூக்கிப் போன பாதையில் என்ன நடந்தது என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. இன்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. ஆனால் அது வரக்கூடிய பாதை வரைக்கும்தான் வரும். அந்த இடம் வரைக்கும் நோயாளியைக் கொண்டுபோவது பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையுடைய பைக்தான்.

புலமைப்பரிசில் வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் பைக்தான். பின்னேரம் வேலை முடிந்து, வாடகைக்கு எடுத்த துண்டுக் காணியில் கோவா, லீக்ஸ் போட்டவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதும் அதில்தான். எங்கள் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் தங்கச்சி ஸ்கூட்டியில்தான் வருகிறாள். பஸ்ஸை நம்பினால் அவள் வருவதற்குள் தாய்மார் கொழுந்து மலைக்குப் போகும் நேரம் தாண்டிவிடும். நகரத்துக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இரவு ஏழரைக்குப் பிறகு தோட்டத்துக்கு பஸ் கிடையாது. பைக் இல்லாவிட்டால் அந்த வேலையே இல்லை.

இதைப் 'பொடியன்மாரின் ஆடம்பரம்' என்று இன்னும் சொல்பவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போனால் கையில் 1,242 ரூபா. என் இளைய மகன் பைக்குக்குக் கட்டிய மாதத் தவணை 13,500 ரூபா. அவன் கடையில் வேலை செய்பவன். ஆனால் அதே தவணையை அந்தச் சம்பளத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி கட்டுவதென்றால், மாதத்தில் கிட்டத்தட்ட 11 பேர் முழுசாக லீசிங் கம்பனிக்குப் போயிருக்கும். வீட்டுக்கு அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் மிச்ச நாட்களின் காசில்தான். ஒருவர் வீதியோரத்தில் நிறுத்திவிட்டு வருவது இரண்டு சக்கரத்தை மட்டும் அல்ல. வருஷக்கணக்கான பேரை நிறுத்திவிட்டு வருகிறார். திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வார்?

இந்தக் கவலை புதிதும் அல்ல. 2022இல் பெற்றோல் இல்லாமல் போன காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அந்த நாட்களில் எங்கள் தோட்டத்தில் இரவோடிரவாகக் குழாய் போட்டுப் பெற்றோலை உறிஞ்சினார்கள். காலையில் பிள்ளைகள் பைக்கை உதைத்து உதைத்துக் களைத்த பிறகுதான் டாங்கி காய்ந்து கிடப்பது தெரியும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய பைக்குக்கே புதிய பைக்கின் விலை கேட்டார்கள். பழைய பைக்குக்கு விலை ஏறினால் அதன் பாகங்களுக்கும் விலை ஏறும். பாகங்களுக்கு விலை ஏறினால் திருடனுக்கும் தொழில் ஏறும்.

எங்கே நிறுத்துவது?

வெள்ளைக்காரன் லயத்தைக் கட்டியபோது அதில் இருப்பவர்கள் வாகனம் வைத்திருப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. பத்தடி, பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, வாசலில் கான், அப்பால் படி. நடந்து வந்து, நடந்து மலைக்குப் போகிறவர்களுக்காகக் கட்டியது. லொறிப் பாதை மடுவத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஐம்பது அறுபது படி. மழை பெய்தால் மனிதர் ஏறுவதே கஷ்டம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோதும் அந்தப் படி அப்படியே இருந்தது. இன்றும் பல இடங்களில் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே பைக் கீழே நிற்கிறது. வளைவில், பாலத்தடியில், கடை வாசலில், சவுக்கு மரத்தடியில். லயத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மூடுபனி இறங்கினால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. தெருவிளக்கு இல்லை. நாய் குரைத்தால் எழுந்து டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு படியிறங்குகிற பிள்ளைகள் எங்கள் மேற்கணக்கில் மட்டும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். காலையில் பெரட்டுக்கு வரும்போது கண் சிவந்திருந்தால் குடித்திருப்பான் என்று சொல்கிறோம்.

நகரத்துக்குப் போனாலும் இதே கதைதான். சம்பளம் கொடுத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை எந்த மலையக நகரத்திலும் நின்று பாருங்கள். அடகுக் கடையில் வரிசையில் நிற்பவர் கண் வாசலில் இருக்கும். வங்கி இயந்திரத்தில் கார்ட்டைப் போட்டவர் ஒரு கையால் இலக்கத்தை அழுத்திக்கொண்டு தலையை வெளியே நீட்டுவார். மருந்துக் கடையில் மருந்தாளர் சொல்வதைப் பாதி கேட்டும் கேளாமலும் ஓடி வருவார்கள். காலையில் ஒன்றா, இரவில் ஒன்றா என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிப்பார்கள். தரிப்பிடக் கட்டணம் வாங்கும் இடங்களிலும் துண்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள், களவு போனால் நாங்கள் பொறுப்பில்லை என்று. காசு வாங்குவது இடத்துக்கு மட்டும்தானாம்.

என் வீட்டில் நடந்தது

2025 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. என் மனைவிக்குப் பிரஷர், சீனி இரண்டுக்கும் கிளினிக் நாள். இளையவன் கடையில் லீவு சொல்லிவிட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனான். பைக் வாங்கும்போது முதல் காசுக்கு அவளுடைய தோட்டைத்தான் அடகு வைத்தோம். அந்தத் தோடு இன்னும் மீளவில்லை.

வைத்தியசாலை வளவுக்குள் பைக் விட முடியாது என்று வாசலில் இருந்தவர் கையைக் காட்டினார். வெளியே மதிலோரமாக இருபது பைக் நின்ற வரிசையில் இவனும் நிறுத்தினான். ஹேண்டிலைப் பூட்டினான். அம்மாவை வாங்கில் உட்கார வைத்துவிட்டு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். மூன்றாவது தடவை வர முடியவில்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் சிங்களத்தில் ஏதோ கேட்டார்கள், அம்மாவுக்கு விளங்கவில்லை, இவனைக் கூப்பிட்டாள். நாற்பது நிமிடம்.

வந்து பார்த்தபோது அவனுடைய பைக் நின்ற இடத்தில் வேறொரு பைக் நின்றது. இடத்தைத்தான் மறந்துவிட்டேன் என்று நினைத்து வரிசையை இரண்டு தடவை நடந்து பார்த்தானாம். பக்கத்துச் சந்திலும் பார்த்தானாம். பிறகுதான் கால் நடுங்கியிருக்கிறது. ஹெல்மட் கையில் இருந்தது. அந்த ஹெல்மட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் மகனும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கீழ் ரோட்டில் நின்றவர்கள் "பைக் எங்கடா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் பதில் சொல்லாமல் படி ஏறினான். அந்த ஹெல்மட் இன்றும் எங்கள் இஸ்தோப்பில் ஆணியில் தொங்குகிறது.

பொலிசுக்குப் போனோம். எழுதினவர் சிங்களத்தில் எழுதினார். வாசித்துக் காட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்டான். இருபது வருஷமாகச் சங்கத்தில் இருக்கிற நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் அந்தப் பிரதியைக் காட்டியபோது, களவு போன நேரமே பிழையாக இருந்தது.

காப்புறுதியைப் பார்த்தோம். முதல் வருஷம் முழுக் காப்புறுதி போட்டிருந்தான். இரண்டாம் வருஷம் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு மாறியிருக்கிறான். அது நாம் மற்றவருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கும் சேதத்துக்கும்தான். நம் பைக் களவு போனால் ஒரு சதமும் வராது. லீசிங் கம்பனிக்குப் போய்ச் சொன்னான். அவர்கள் அனுதாபமாகத்தான் பேசினார்கள். ஆனால் இன்னும் 14 தவணை இருக்கிறது என்றார்கள். மொத்தம் 1,89,000 ரூபா. பைக் இல்லை, தவணை இருக்கிறது. மாதா மாதம் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். இரவு வேலை முடிந்து வர பஸ் இல்லாததால் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் நாலு பேரோடு தங்குகிறான். அதற்கும் வாடகை.

என் தப்பு

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

"யார் மேலாவது சந்தேகமா?" என்று பொலிசில் கேட்டார்கள். எங்கள் பணியக்கணக்கில் ஒரு பிள்ளை இருந்தான். தகப்பன் இல்லை. ரோட்டோரத்தில் ஒரு தறப்பாளைக் கட்டி அதற்குக் கீழே பைக் திருத்துவான். கையில் தொழில் இருந்தது. எங்கள் பைக்கையும் முந்தின நாள் அவன்தான் பார்த்துக் கொடுத்தான். களவு போன அன்று லயத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். "சாவி இல்லாம வயரைச் சேர்க்க அவனுக்குத்தான் தெரியும்." "ரெண்டு நாளா புது போன் வச்சிருக்கான்." அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டு போனவன் நான். கேட்டதும் அவன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

காலையில் கூட்டிக்கொண்டு போனவர்கள் இரவுதான் விட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதும் அவன் தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தான் என்று மூன்று பேர் வந்து சொன்ன பிறகு விட்டார்கள். அந்த மூன்று பேரும் எங்கள் சங்க உறுப்பினர்கள். அவர்களிடம் நான் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும்.

அவனுடைய அம்மாவும் என் மனைவியும் ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். இரண்டு மாதம் அடுத்தடுத்த நிரையில் நின்றும் பேசவில்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா வாங்கைத் துடைத்து உட்காரச் சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்தார். பிள்ளை உள்ளேயிருந்து வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது செயின் இறுக்குவதற்கும் எங்கள் பிள்ளைகள் நகரத்துக்குப் போகிறார்கள். களவு போன பைக் கிடைக்கவே இல்லை.

ஒரு பைக் போனதில் எங்களுக்குப் பெரிய நட்டம் என்று சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை போனது அதைவிடப் பெரிய நட்டம். அது களவுக்காரனால் வந்தது அல்ல, என்னால் வந்தது. ஒவ்வொருவரும் தன் பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு நெடுநாள் இருந்தால், கடைசியில் அது பக்கத்து வீட்டுக்காரன் மேல்தான் விழுகிறது. வாகனத்தை ஏற்றிக்கொண்டு போகிற கூட்டம் எங்கோ இருக்கிறது. நாம் லயத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாமே செய்யக்கூடியவை

முதலில் பேப்பர். நம் பிள்ளைகள் பலர் பழைய பைக்கை 'ஓப்பன் பேப்பரில்' வாங்குகிறார்கள். பெயர் மாற்றுவதற்குக் காசு போகும் என்று அப்படியே ஓட்டுகிறார்கள். களவு போனால் முறைப்பாட்டில் உரிமையாளர் யார்? பதிவுப் புத்தகத்தில் யாரோ ஒருவர் பெயர் இருக்கும், அவர் எங்கே என்று உங்களுக்கும் தெரியாது. வாங்கும்போதே பெயரை மாற்றுங்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் எழுதி வீட்டில் வையுங்கள். பதிவுப் புத்தகத்தையும் காப்புறுதியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எதையும் பைக்கின் சீட்டுக்குக் கீழே வைக்காதீர்கள். பைக்கோடு அதுவும் போய்விடும்.

இரண்டாவது காப்புறுதி. தவணை முடியும் வரைக்கும் முழுக் காப்புறுதியை விடாதீர்கள். என் மகன் மிச்சம் பிடித்த காசு எத்தனை என்று கணக்குப் பார்த்தேன். ஒரு தவணைக் காசு கூட இல்லை.

மூன்றாவது பூட்டு. ஹேண்டில் பூட்டு மட்டும் போதாது, பலமாக முறுக்கினால் உடைந்துவிடும். டிஸ்க் பூட்டு ஒன்று, அல்லது தூணோடோ மரத்தோடோ சேர்த்துப் போடும் சங்கிலி ஒன்று வேண்டும். எந்தப் பூட்டையும் உடைக்கலாம் என்பது உண்மை. ஆனால் பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், உடைக்க எடுக்கும் ஐந்து நிமிடம் திருடனுக்குப் பெரிய நேரம். பெற்றோல் டெப்பை மூடிவிட்டுப் போனாலும், எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓட்டுகிறவன் தூரம் போகாமல் நின்றுவிடுவான்.

நான்காவது முறைப்பாடு. போனால் உடனே 119க்குச் சொல்லுங்கள், பிறகு நிலையத்துக்குப் போங்கள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் 1987இல் 13ஆம் திருத்தம் எழுதியது. 1988இல் 16ஆம் திருத்தம் அதை இன்னும் விரித்தது. தமிழில் முறைப்பாடு கொடுப்பது நாம் கேட்கும் சலுகை அல்ல. தமிழில் எழுத ஆள் இல்லை என்றால் எழுதியதை வாசித்து விளக்கச் சொல்லுங்கள், விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிரதி வாங்குங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் தலைவரையோ மாதர் சங்கத் தலைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே சும்மா நின்ற தலைவர்களில் ஒருவன் சொல்கிறேன்: சும்மா நிற்க விடாதீர்கள்.

சங்கம் கேட்க வேண்டியவை

ஆனால் தோழர்களே, பூட்டும் பேப்பரும் தனிமனிதர் செய்வது. அதோடு விட்டுவிட்டால் 'கவனமில்லாதவன் பைக்தான் போகும்' என்று பேசி முடித்துவிடுவார்கள். என் மகன் கவனமில்லாதவன் அல்ல. நாற்பது நிமிடம் தாயோடு நின்றான், அவ்வளவுதான்.

தோட்டத்துக்குள் கேட்க வேண்டியது சிறியது. எங்கள் தோட்டத்தில் ஆப்பீசுக்குப் பக்கத்தில் உத்தியோகத்தர்களுடைய பைக்குக்குத் தகரக் கொட்டகை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, இரவில் காவற்காரர் இருக்கிறார். நல்லது, அது அவர்களுக்கு வேண்டும். தொழிலாளியின் பைக்குக்கும் அதே வேண்டும். புதிதாகக் கட்டவும் தேவையில்லை. ஒவ்வொரு கணக்கிலும் கொழுந்து மடுவம் இருக்கிறது. கூரை இருக்கிறது. லொறிப் பாதையின் ஓரத்தில் இருக்கிறது. பின்னேரம் கொழுந்து போன பிறகு மறுநாள் வரைக்கும் காலிதான். இரவில் பைக்குகளை அதற்குள் விட அனுமதியுங்கள், ஒரு விளக்குப் போடுங்கள், காவற்காரரின் சுற்றில் அதையும் சேருங்கள். நாங்கள் கேட்டோம். "பைக் உங்கள் சொந்தச் சாமான், அதற்கு நிர்வாகம் பொறுப்பாக முடியாது" என்ற பதில் வந்தது. எங்கள் கேள்வி பொறுப்பைப் பற்றியது அல்ல. இடமும் வெளிச்சமும்தான் கேட்டோம். தூரத்துக் கணக்கில் மலை கொடுக்கும்போது, நேரத்துக்கு வந்து சேர் என்று சொல்லும்போது, தொழிலாளியின் சொந்தப் பைக்கை நம்பித்தானே சொல்கிறீர்கள்?

பிரதேச சபையிடமும் கேட்க வேண்டும். 'தோட்டத்துக்குள் நாங்கள் வேலை செய்ய முடியாது' என்று சபைகள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காரணம் காட்டினார்கள். அது 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. தோட்டங்களுக்குள்ளும் சபையின் காசைச் செலவழிக்க அந்தத் திருத்தம் வழி திறந்தது. 2025 மே 6ஆம் திகதி வாக்குக் கேட்டு நம் லயங்களுக்குப் படி ஏறி வந்தவர்கள் இன்று சபையில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாகனங்களும் அன்று கீழே வளைவில்தான் நின்றன. அந்த வளைவுக்கு ஒரு தெருவிளக்குக் கேட்போம். நகரத்தில் தரிப்பிடக் கட்டணம் வாங்கும் இடத்தில் ஒரு காவலாளியைக் கேட்போம். பணம் வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். வைத்தியசாலைக்கு வருகிற நோயாளியின் பைக்குக்கு மதிலுக்கு உள்ளே இடம் கேட்போம். டொக்டரைப் பார்க்கிற நேரத்தில் மனசு மதிலோரத்தில் நிற்கக் கூடாது.

ஏழு பேர்ச்சஸ் காணியில் புதிய வீடு வாங்கிய குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேயும் வீட்டு வாசல் வரைக்கும் பாதை போகாவிட்டால் பைக் பழையபடி கீழேதான் நிற்கும். ஆகவே காணி கேட்கும்போது பாதையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

'சம்பளமே தீரவில்லை, காணி உறுதி கிடைக்கவில்லை, இதில் பைக்குக்குக் கொட்டகையா?' என்று சில மூத்த தோழர்கள் கேட்பார்கள். நானே மார்ச் மாதத்தில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு அல்ல. பெரட்டில் போராடி வாங்குகிற பேரெல்லாம் கடைசியில் ஏதோ ஒரு பொருளாகத்தான் வீட்டுக்கு வருகிறது. பிள்ளைகளுக்கு அது பைக்காக வருகிறது. ஒரு இரவில் அது போனால், நாம் வாங்கிக் கொடுத்த சம்பள உயர்வும் சேர்ந்துதான் போகிறது. அதோடு, கூட்டத்தில் அரைமணி நேரம் அமைதியாக உட்கார முடியாத இளைஞரை வைத்துக்கொண்டு எந்தப் பெரிய போராட்டத்தையும் நடத்த முடியாது.

எங்கள் கமிட்டி ஒரு சிறிய காரியம் செய்திருக்கிறது. கூட்ட நாளில் பைக்குகள் எல்லாம் கீழ் ரோட்டில் மடுவத்து வாசலில் ஒரே வரிசையில் நிற்கும். இரண்டு பேர் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருப்பார்கள். அரை மணிக்கு ஒருதடவை ஆள் மாறும். முதல் முறை முதல் ஆளாக நான் இருந்தேன், என்னிடம் பைக் இல்லாவிட்டாலும். மேலே பேச்சு நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று யாரும் எழுந்து வெளியே வரவில்லை.

மடுவத்துக்கு விளக்கு கேட்டுக் கமிட்டி எழுதிய கடிதத்தில் 64 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பணியக்கணக்குப் பிள்ளையின் அம்மாவும் போட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "தலைவரே, இனிமே யாரு பிள்ளையோட பேரையும் சொல்லுறதுக்கு முந்தி எங்க வீட்டுக்கு வந்து கேளுங்க." அதை நான் கமிட்டியின் தீர்மானப் புத்தகத்திலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மற்றத் தோட்டங்களின் கமிட்டிகளும் இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று விளக்குக்கான கோரிக்கை. மற்றது அந்தத் தாய் சொன்ன சொல்.